ஐஸ் மேல் ஏடிவி: எதை ஏற்றுவது, எதை இறக்கி வைப்பது

மினசோட்டாவில் டிசம்பர் பிறந்துவிட்டால், ஏரிக்கரை இரைக் கடைக்குள் நுழைபவர்கள் மீன் கடிக்கிறதா என்று முதலில் கேட்பதில்லை. ஐஸ் எத்தனை அங்குலம் என்றுதான் கேட்பார்கள். கடைக்காரர் மினோ என்னும் இரைமீன் குஞ்சுகளை வலையில் அள்ளிக்கொண்டே ஓர் எண்ணைச் சொல்வார். அது நேற்று, யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில் துளை போட்டுப் பார்த்த எண். நீங்கள் வண்டியை இறக்கப்போகும் இடத்துக்கும் அது பொருந்தும் என்று அவரே சொல்ல மாட்டார்.

ஏடிவிக்கு, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டிக்கு, என்னென்ன வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இந்த எண்ணிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர் கூடுதலாக ஒரு பெட்டி மாட்டினால் பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். ஏரி மேல் ஓட்டுகிறவர் மாட்டும் ஒவ்வொரு கிலோவையும் அடியில் இருக்கும் ஐஸ் சுமந்தாக வேண்டும். (இந்த நூல் முழுக்கப் பனி என்றால் வானத்திலிருந்து விழுந்து கிடப்பது; ஐஸ் என்றால் ஏரி நீரே உறைந்த பாளம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பனி ஒரு கம்பளி. அது கனமாக மூடிய இடத்தில் குளிர் கீழே இறங்காது, ஐஸ் மெதுவாகத்தான் தடிக்கும்.)

முதலில் தராசு

மாநில இயற்கை வளத்துறை வெளியிடும் அட்டவணை இங்கே எல்லாக் கடைச் சுவரிலும் தொங்கும். புதிதாக உறைந்த, கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். ஸ்னோமொபைலுக்கும் சிறிய ஏடிவிக்கும் 5 முதல் 7 அங்குலம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சைட்-பை-சைடு வண்டிக்கு 7 முதல் 8. சிறிய காருக்கு 9 முதல் 10. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் இவை எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். எந்த ஐஸும் நூறு சதவீதம் பாதுகாப்பானதல்ல என்று அதே துறை அதே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அந்த அட்டவணையில் “சிறிய” என்ற சொல்லைத்தான் எல்லோரும் தங்கள் வசதிக்கு வாசித்துக்கொள்கிறார்கள். 500 சிசி வண்டி ஒன்றே 300 முதல் 350 கிலோ வரும். குளிருடை, பூட்ஸ், ஹெல்மெட்டோடு ஆள் 90, 100. பின்னால் இழுக்கும் ஸ்லெட்டில் கூடாரம், ஐஸில் துளை போடும் ஆகர், ஹீட்டர், கேஸ் சிலிண்டர், மீன் தேடும் சோனார், நாற்காலி, இரை வாளி. நான் ஏரிக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது வருடம் ஒரு சந்தேகம் வந்து, கராஜில் குளியலறைத் தராசைப் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஸ்லெட்டும் அதில் இருந்ததும் மட்டும் 118 கிலோ. தேநீர் கொண்டுவந்த மனைவி தாளைப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் நிறுத்தீங்க, உங்கள விட்டுட்டீங்களே” என்றாள். ஆளையும் வண்டியையும் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டியது. அன்றே இரும்புச் சட்டம் போட்ட நாற்காலியும், ஒரு தடவைகூடத் திறக்காத இரண்டாவது தூண்டில் பெட்டியும் வீட்டோடு தங்கிவிட்டன.

என் சொந்தக் கணக்கு இது: 8 அங்குலத் தெளிந்த ஐஸை என் கையால் அளந்து பார்க்கும்வரை ஏடிவி டிரெய்லரை விட்டு இறங்காது. அதற்கு முன் போக ஆசையிருந்தால் நடந்து போவேன். பருவத்தின் முதல் மீனுக்காக 350 கிலோ இரும்பைத் தண்ணீருக்குள் விட்டவர்கள் இங்கே வருடாவருடம் உண்டு. மூழ்கிய வண்டியை 30 நாளுக்குள் உரிமையாளர் தம் செலவில் வெளியே எடுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முக்குளிப்பவரை அழைத்து, காற்றுப் பை கட்டி, மேலே இழுத்துக்கொண்டு வரும் கூலி பல சமயம் பழைய வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

அளப்பதற்கு ஆகரை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஊர்க் கடப்பாரையின் தம்பி ஒன்று இங்கே விற்கிறார்கள், நுனியில் உளி வைத்தது. கரையிலிருந்து இறங்கும்போது நடந்துகொண்டே முன்னால் ஓங்கிக் குத்துங்கள். ஒரே குத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் வந்த காலடியிலேயே திரும்பிவிடுங்கள். 150 அடிக்கு ஒருமுறை அளக்கச் சொல்கிறது துறை. வண்டியில் உட்கார்ந்ததும் நாம் மறந்துபோகும் முதல் வேலை இதுதான். அதனால் கடப்பாரையை ஸ்லெட்டின் அடியில் போடாமல், முன் ரேக்கில் கை எட்டும் இடத்தில் வைக்கவும். இறங்கி எடுக்கச் சோம்பல் வந்தால் குத்திப் பார்க்க மாட்டோம்.

காற்று, சங்கிலி, ஆணி

ஏடிவி பிறந்ததே குளிர்காலத்தால்தான். குளிர் வந்ததும் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறது, விற்க ஏதாவது கொடுங்கள் என்று ஹோண்டாவின் அமெரிக்க டீலர்கள் கேட்டதற்கு வந்த பதில்தான் 1970-இல் விற்பனைக்கு வந்த பலூன் டயர் மூன்று சக்கர வண்டி. அந்தப் பலூன் டயர்தான் விஷயம். குறைந்த காற்றோடு அகலமாகப் பதிந்து, பனியில் புதையாமல் மிதந்தது. மூன்று சக்கரம் கவிழ்ந்து கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியதால் 1988 முதல் அமெரிக்காவில் புதிதாக விற்பதை நிறுத்தினார்கள். பழையது இன்னும் கிராமத்துக் கொட்டகைகளில் மலிவாகக் கிடைக்கும். ஐஸுக்கு என்று அதை வாங்காதீர்கள்.

டயர் காற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏடிவி டயருக்கு 5, 6, 7 பிஎஸ்ஐதான் காற்று. 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் 6 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஏரியில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அளவு 3-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கார் டயருக்கு இந்த இழப்பு பெரிதல்ல. ஆறில் மூன்று போனால் பாதி போய்விடுகிறது. பக்கவாட்டில் ஒரு ஐஸ் விளிம்பில் இடித்தாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும். கார் காற்றுமானி இவ்வளவு சிறிய எண்ணைச் சரியாகக் காட்டாது. ஏடிவிக்கென்று குறைந்த அழுத்த மானியும், 12 வோல்ட் சிறு பம்பும் வாங்கி, காற்றை ஏரிக்கரைக் குளிரிலேயே சரிபாருங்கள். பெரிய செலவில்லாத சாமான். ஆனால் கடைகளில் யாரும் இதை எடுத்துக் காட்டுவதில்லை.

பனி மூடிய ஏரியில் கையேடு சொல்லும் காற்றும் நல்ல பட்டன் டயரும் போதும். காற்று பனியைப் பெருக்கித் தள்ளி, ஐஸ் வழுக்குப் பாறையாகப் பளபளக்கும் நாளில்தான் பிடிமானம் வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, டயர்க் கட்டிகளில் முறுக்கி ஏற்றும் கார்பைடு ஆணிகள். ஆணியின் நீளம் ரப்பர்க் கட்டியின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீறினால் உங்கள் டயரை நீங்களே பஞ்சராக்குகிறீர்கள். மற்றொன்று சங்கிலி. பின் சக்கரங்களுக்கு மட்டும் சங்கிலி மாட்டினால் வண்டி நன்றாகத் தள்ளும், திரும்பாது. ஹேண்டிலை ஒடித்தாலும் நேராகவே போகும். நான்கு சக்கரங்களுக்கும் போட வசதியில்லை என்றால் ஆணியே மேல். சங்கிலி மாட்டியபின் வண்டியைக் கையால் உருட்டிப் பாருங்கள். ஃபெண்டரிலோ பிரேக் குழாயிலோ உரசினால் ஏரி நடுவில் அது அறுக்கும்.

நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டு ரப்பர்ப் பட்டை மாட்டும் டிராக் கிட் இருக்கிறது. எடையை அகலமாகப் பரப்பும், இடுப்பளவு பனியிலும் நீந்தும். விலையோ வண்டி விலையில் பாதியை எட்டும். வாரம் மூன்று நாள் ஏரியில் இருப்பவருக்குத் தகும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஆடம்பரம்.

கட்டைவிரல்

மோட்டார் சைக்கிளில் விரல்கள் சேர்ந்து உறைகின்றன. ஏடிவியில் வலது கட்டைவிரல் முதலில் போகும். காரணம் எளிது: ஆக்சிலரேட்டர் அந்த விரலில்தான் இருக்கிறது. மற்ற நான்கும் கைப்பிடியைச் சுற்றி ஒன்றையொன்று அணைத்துக்கொண்டிருக்க, இது மட்டும் தனியே நீண்டு, சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டே காற்றை வாங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது மைனஸ் 34 போலத் தெரியும். அந்த அளவில் திறந்த தோல் பத்து, பதினைந்து நிமிடங்களில் உறைபனிக் காயம் காணலாம்.

ஆகவே வெப்பமூட்டும் கைப்பிடி வாங்கும்போது கட்டைவிரல் நெம்புகோலுக்கும் தனி வெப்பத் துண்டு சேர்ந்த செட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட மலிவானது, கரண்ட் கேட்காதது, கைப்பிடி மேல் கூடு போலக் கவியும் தடித்த உறை. அதற்குள் மெல்லிய கையுறையோடு கையை நுழைத்தால் போதும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உறையை வாங்குங்கள். முன்னால் ஒரு காற்றுத் தடுப்புக் கண்ணாடி இருந்தால் நெஞ்சும் கழுத்தும் தப்பும். ஹெல்மெட்டுக்கு இரட்டைக் கண்ணாடி முகமூடி வேண்டும். ஒற்றைக் கண்ணாடி என்றால் நம் மூச்சே உள்ளே உறைந்து, முன்னால் இருக்கும் விரிசல் தெரியாது. 18 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஐஸில் விழுந்து பார்த்தவர்களுக்குச் சட்டம் தேவைப்படாது.

பேட்டரி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரி ஏறக்குறையப் பாதி பலத்தைத்தான் தரும். அதே குளிரில் எஞ்சின் ஆயில் தேன் போலத் தடித்து, கூடுதல் பலம் கேட்கும். கையேடு அனுமதிக்கும் குளிர்கால ஆயிலுக்கு மாறுவதும், இரவெல்லாம் வீட்டில் சிறு சார்ஜரில் பேட்டரியை வைப்பதும் முதல் வேலை. லித்தியம் ஜம்ப் பேக்கைப் பெட்டியில் போடாமல் கோட்டின் உள்பையில் வைத்திருங்கள். ஆகர் பேட்டரிக்கும் அதே இடம்தான். இரைக்கான மெழுகுப் புழு டப்பாவுக்கும். என் உள்பை ஜனவரியில் ஒரு சிறு மளிகைக்கடை.

ஸ்லெட்டும் கம்பியும்

முதல் வருடம் ஸ்லெட்டைக் கயிறு கட்டி இழுத்தேன். இழுக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் விரிசல் போலத் தெரிந்து பிரேக் போட்டேன். வண்டி நின்றது, ஸ்லெட் நிற்கவில்லை. அது வந்த வேகத்தில் பின் சக்கரத்தில் மோதி, பக்கவாட்டில் திரும்பி, இரை வாளியைக் கவிழ்த்தது. நான்கு டஜன் மினோக்கள் ஐஸ் மேல் துள்ளி, நான் குனிவதற்குள் ஒவ்வொன்றாக வளைந்த நிலையிலேயே விறைத்துப்போயின. பக்கத்துக் கூடாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒன்றும் சொல்லாமல் தன் வாளியிலிருந்து அரை டஜன் எடுத்துக் கொடுத்தார். பிறகு தன் ஸ்லெட்டைக் காட்டினார்: இரும்புக் குழாய் இணைப்பு, இரண்டு பக்கமும் பூட்டு ஊசி.

கயிறு இழுக்கும், தடுக்காது. ஐஸில் தடுப்பதுதான் பெரிய வேலை. கெட்டிக் கம்பி இணைப்புக்கு மாற்று இல்லை. அதோடு ஸ்லெட்டுக்கு இறுக்கமான மூடுதுணி ஒன்றும் வேண்டும். பின் சக்கரங்கள் வாரியடிக்கும் பனி பத்தே நிமிடத்தில் ஸ்லெட்டை நிரப்பி, நீங்கள் வீட்டில் குறைத்த எடையைத் திருப்பிக் கொடுத்துவிடும். ரப்பர்க் கொக்கிக் கயிறுகள் இந்தக் குளிரில் வெடிக்கும். கொக்கி முகத்தைத் தேடிவரும். அகலமான நாடாவும் சாதாரணக் கொளுவியும் போதும்.

ஆகரை வெறுமனே ஸ்லெட்டில் போடாமல் முன் ரேக்கில் தாங்கி வைத்து மாட்டுவது நல்லது; கத்திக்கு உறை கட்டாயம். சோனார் பெட்டி அதிர்வு தாங்காது. அதைப் பஞ்சு வைத்த வாளியில் வையுங்கள்.

பனிக்கூழ்

புதியவர்கள் விரிசலுக்குப் பயப்படுகிறார்கள். நான் அதைவிடப் பனிக்கூழுக்குப் பயப்படுகிறேன். கனத்த பனி விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் பாளம் சற்றுத் தாழும். துளைகள், விரிசல்கள் வழியே ஏரித் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் கஞ்சி போல நிற்கும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரியாது. வண்டி அதில் இறங்கினால் சக்கரம் சுழலும், கூழ் எகிறும், எகிறியது பிரேக்கிலும் அச்சிலும் உறையும்.

மாட்டிக்கொண்டால் வண்டியில் பொருத்திய, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் உதவும். ஆனால் ஏரி நடுவில் வின்ச் கொக்கியை எதில் மாட்டுவது? மரமா இருக்கிறது? அதற்கு ஒரு பழைய வழி: கெட்டியான ஐஸ் பக்கமாக முன்னே நடந்துபோய், 8 அங்குல ஆகரால் ஒரு துளை போடுங்கள். மூன்றடி நீள மரக்கட்டை ஒன்றின் நடுவில் தடித்த நாடாவைக் கட்டி, கட்டையைச் செங்குத்தாகத் துளைக்குள் இறக்குங்கள். அடியில் போனதும் நாடாவைச் சுண்டி இழுத்தால் கட்டை குறுக்கே படுத்து ஐஸின் அடிவயிற்றில் முட்டி நிற்கும். அந்த நாடாவில் கொக்கி. ஒரு துண்டு மரமும் நான்கு டாலர் நாடாவும். என் ஸ்லெட்டில் இவை இல்லாத நாள் இல்லை. வின்ச் கயிறு செயற்கை இழையாக இருந்தால் நல்லது: எடை குறைவு, அறுந்தால் இரும்புக் கயிறு போலச் சாட்டை வீசாது. இழுக்கும்போது எஞ்சின் ஓடட்டும். வின்ச் பாரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் குடிக்கும், குளிர்ந்த பேட்டரி அதைத் தனியே தாங்காது.

கூழைத் தாண்டி வந்தவுடன் நின்றுவிடாதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், தட்டு சூடாகி உலரும். பிறகு நிறுத்தும்போது சக்கரங்களுக்கு அடியில் நான்கு பலகைத் துண்டு வையுங்கள். ஈரமான டயர் நேராக ஐஸ் மேல் நின்றால் இரண்டு மணி நேரத்தில் ஏரியோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். உறைந்துவிட்டால் சாயங்காலம் அது விடாது.

உடம்பில் கட்டியிருப்பது மட்டும்

விழுந்தபின் ஸ்லெட்டில் இருப்பது எதுவும் உங்களுடையதல்ல. உடம்போடு இருப்பதுதான் கணக்கு. மிதக்கும் சூட் முதலாவது. கழுத்தில் தொங்கும் ஐஸ் பிக்ஸ், அதாவது கயிற்றால் இணைத்த இரண்டு மரப்பிடி ஆணிகள், இரண்டாவது. ஈரமான ஐஸ் விளிம்பை வெறும் கையால் பிடித்து ஏற முடியாது. இந்த ஆணியைக் குத்திக் குத்தி, காலை மீன் வாலைப் போல உதைத்து, வந்த திசையிலேயே தவழ்ந்து ஏற வேண்டும். ஒரு விசில், நீர்புகாப் பையில் கைபேசி, எஞ்சினை அணைக்கும் சுருள் கயிறு மணிக்கட்டில். சைட்-பை-சைடு வண்டி என்றால் ஐஸ் மேல் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து வைப்பது இங்கே வழக்கம்.

மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் தம்மையே உறைநீரில் இறக்கிச் சோதித்தவர். அவர் பரப்பிய 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது மூச்சு விடுவது மட்டுமே. பிக்ஸ் அடுத்த பத்துக்கு.

பெரிய ஏரிகளில் வேறொரு தொல்லை. 2023 டிசம்பர் 29-ஆம் தேதி அப்பர் ரெட் லேக்கில் ஒரு பெரிய ஐஸ் பாளம் கரையிலிருந்து பிரிந்து, இடையில் தண்ணீர் விரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்புக்குழு படகு முதலியவற்றால் கொண்டுவந்தது. அவர்கள் காலுக்கு அடியில் இருந்த ஐஸ் உடையவில்லை, அது நகர்ந்தது. இப்படிப்பட்ட நாளில் குதிரைத் திறனால் பயனில்லை. போன வழியைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ், ஒரு சாதாரணக் காந்த ஊசி, உலர்ந்த காலுறை, ஒரு வேளைச் சாப்பாடு, வண்டியின் கம்பத்தில் உயரப் பறக்கும் ஆரஞ்சுக் கொடி இவைதான் உதவும். மில் லாக்ஸ் போன்ற ஏரிகளில் விரிசல் மேல் ரிசார்ட்டுக்காரர்கள் நகர்த்தும் பாலங்களைப் போடுவார்கள். காலையில் தாண்டிய பாலம் மாலையில் அதே இடத்தில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்குள் ஹீட்டர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

வீடு திரும்பிய இரவு

சங்கிலியைக் கழற்றிக் காயவையுங்கள். சக்கரக் குழிகளில் ஒட்டிய ஐஸைச் சுத்தியலால் தட்டாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் கண்ணாடி போல உடையும். கராஜ் வெப்பத்தில் அதுவாக விழட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். டாங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோத்துப் பெட்ரோலில் தண்ணீர் சேராது. த்ராட்டில் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்தி விட்டுப் பாருங்கள்: விட்டதும் தானாகத் திரும்பாவிட்டால் கேபிளுக்குள் ஈரம் இருக்கிறது, அதை இன்றிரவே உலர்த்த வேண்டும். பேட்டரியைச் சார்ஜரில் மாட்டுங்கள். பிறகு தராசை எடுத்து, இன்று ஸ்லெட்டில் போய் மூடுதுணிக்குள் தொடாமலே திரும்பி வந்தவற்றை அதன் மேல் வையுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது 11 கிலோ காட்டியது. அதில் நாலரை கிலோ ஒரு வாணலி.